மீன்கட்டி அணியின் கொடிக்காரி

ஏப்ரல் 6, ஞாயிறு

இந்த நோட்டை நான் வாங்கவில்லை. செகி அக்கா என் கையில் திணித்தது. இசோமுரா மீன்கட்டித் தொழிற்சாலையின் கால்பந்து அணியோடு போகிற ஒவ்வொருவரும் ஆட்டத்தன்று குறிப்பு எழுத வேண்டுமாம். நான் அணியில் இல்லையே என்றேன்.

"இல்லதான். ஆனா எங்க வேன்ல வாறேல்லா. வேன்ல வாற ஆளும் எழுதணும்."

செகி அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வாரநாளில் தொழிற்சாலை அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை அணியின் செயலாளர், வேன் ஓட்டுநர், கோபம் வந்தால் பயிற்சியாளர். அவர் பேசியது ஜப்பான் மொழி. என் காதில் விழுவது எங்கள் மரியாள்துறைப் பேச்சு. அதனால் எல்லோரையும் அப்படியே பேசவிட்டு எழுதப் போகிறேன். இந்த ஷிராமே ஊரில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான், திருத்த யாரும் வரப் போவதில்லை.

முதல் பக்கத்தில் தன்னைப் பற்றி எழுத வேண்டுமாம். பெயர் பெனிற்றா. வயது முப்பத்தொன்று. குமரிக் கடற்கரைக்காரி. இரண்டு வருடமாக இங்கே தரப் பரிசோதனை வேலை. மீனை அரைத்துச் சிறு பலகையில் அப்பி அவித்த கட்டி, பலகையோடு வரிசையாக வரும். குமிழி விழுந்தது, சரிந்தது, நிறம் மங்கியது எல்லாவற்றையும் நான் தள்ளிவிட வேண்டும். தொழிற்சாலையிலேயே அதிகமாகத் தள்ளுகிறவள் நான்தான் என்று வரிசைத் தலைவருக்கு என்மேல் வருத்தம் உண்டு.

அணி பற்றி: மாவட்ட லீக், முதல் பிரிவு. ஜப்பான் கால்பந்தில் மேலிருந்து எண்ணினால் ஆறாவது படி. கீழிருந்து எண்ணுவது நாகரிகம் இல்லை. பத்து அணிகள், கடைசி இரண்டும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். இறங்கினால் அணியையே மூடிவிடுவேன் என்று முதலாளி இசோமுரா புத்தாண்டு விருந்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். சொன்ன சொல்லை மாற்றுகிற மனிதர் இல்லையாம்.

இன்று 0-3 தோல்வி. எனக்கென்ன? ஞாயிற்றுக்கிழமை அறையில் சும்மா கிடப்பதற்குப் பதில் வேனில் போகிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மறுபடி தோல்வி, 1-2. ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்தார்கள். இதற்குப் பெயர் ஹன்செய்காய். ஒவ்வொருவராக எழுந்து தான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். கோலி ஓட்சுபோ அண்ணன் எழுந்து, இரண்டாவது கோலில் தன் இடது கால் தாமதம் என்றார். அவர்தான் அணித்தலைவர், வயது நாற்பது, அவிக்கும் பிரிவின் மேற்பார்வையாளர். குரோஇவா என்ற டெலிவரி வண்டிக்காரப் பையன்தான் எங்கள் ஒரே கோலை அடித்தவன். அவன் எழுந்து, கோல் அடித்ததும் அதிகம் சந்தோஷப்பட்டு மூச்சை வீணாக்கிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று குனிந்தான்.

எங்கள் ஊரில் தோற்றால் முதல் குற்றவாளி நடுவர். பிறகு மைதானம். பிறகு காற்று. அதற்கும் பிறகு பந்தை மந்திரித்த சாமியார். நம் ஆள் மேல் குற்றம் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

என் முறை வந்தது. நடுவருக்குக் கண் தெரியவில்லை என்றேன். பதினெட்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். செகி அக்கா என் தொடையில் கிள்ளினார். "ஒங் குத்தம் என்னன்னு கேட்டாவ பிள்ளே." பார்வையாளருக்கு என்ன குற்றம் இருக்க முடியும்? கடைசியில், மோரைக் கொண்டுவர மறந்தேன் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்கள். இந்த ஊரில் மோரே கிடையாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

விஷயம் கைமீறிப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த லீக்கில் ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டம் நடக்கும். விசில் ஊதும் நடுவரை லீக் அனுப்பும். கோட்டோரக் கொடி பிடிக்க ஆள் கொடுப்பது அணிகளின் வேலை. அதாவது நாம் ஆடாத ஆட்டத்துக்கு நம் ஆட்கள் இரண்டு பேர் கொடி பிடிக்க வேண்டும். எங்களில் ஒரு கொடி குரோஇவா. இன்னொரு கொடிக்காரர் ஒசாகாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

செகி அக்கா வேனில் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"போன ரெண்டு ஆட்டத்துலயும் நீ பதினோரு தடவ ஆஃப்சைடுன்னு கத்தின. எண்ணினேன். பதினொண்ணும் சரி."

சரியாகத்தான் இருக்கும். பந்தைத் தட்டும் நொடியில் எதிரணியின் கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு, கோட்டோரக் கொடி மேலே போக வேண்டும், கோல் செல்லாது. மரியாள்துறையில் ஆண் பிள்ளைகள் மணலில் ஆடுவார்கள், பெண் பிள்ளைகளுக்குக் கோயில் மதில்மேல் இடம். மதில் மைதானத்தின் ஓரத்தோடு ஒட்டி ஓடுகிறது. ஒன்பது வயதிலிருந்து இருபத்தைந்து வரை அந்த மதில்மேல் உட்கார்ந்து யார் யாருக்கு முன்னால் நிற்கிறான் என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன வரும்? பந்தைத் தொட விடவில்லை, கண்ணை யாரும் தடுக்கவில்லை.

முடியாது என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை நடுவர் வகுப்பு என்றார்.

ஏப்ரல் 26, சனி

வகுப்பு. காலையில் பாடம், மாலையில் பரீட்சை. தேறிவிட்டேன். அண்ணன் ஆன்றோவுக்கு நடுவர் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் போனில் பத்து நிமிடம் சிரித்தான்.

"ஒனக்கு உயிர்மேல ஆசை இல்லியா? நம்ம ஊர்ல கொடி பிடிக்கவன் தப்பிச்சு ஓட வள்ளத்த ரெடியா வச்சிட்டுத்தான் கொடியத் தூக்குவான்."

இங்கே அப்படி இல்லை என்றேன். இங்கே கொடியைத் தூக்கினால் குனிந்து நன்றி சொல்கிறார்கள். அவன் நம்பவில்லை.

மே 11, ஞாயிறு

முதல் கொடி. யாரோ இரண்டு ஊர்க்காரர்களின் ஆட்டம். ஒன்பது தடவை தூக்கினேன். ஒருத்தன்கூட முறைக்கவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

எங்கள் ஆட்டம் 0-0. முதல் புள்ளி. செகி அக்கா வேனில் பாட்டு போட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

வெற்றி. 2-1. ஓட்சுபோ அண்ணன் பெனால்டியைப் பிடித்தார். ஹன்செய்காயில் எழுந்து, பெனால்டியைப் பிடித்தபின் பந்தைக் கட்டிக்கொண்டு இரண்டு நொடி அதிகமாகப் படுத்திருந்துவிட்டேன், வயசாகிறது என்றார். நான் எழுந்து, வெற்றியில் கத்தி என் தொண்டை போனது, நாளை வேலையில் பேச முடியாது, இது என் தவறு என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். இந்தக் கலை பிடிபட்டுவிட்டது.

ஜூன் 9, திங்கள்

தொண்டை போய்விட்டது. வரிசைத் தலைவருக்கு இன்று என்மேல் வருத்தமே இல்லை.

ஜூலை 16, புதன்

புதன் மாலைப் பயிற்சிக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் இரண்டாவது ஷிஃப்டில். இரண்டு பக்கமும் சமமாக வேண்டும் என்று என்னை ஓர் ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள், தூண்போல. பந்து தற்செயலாக என் காலுக்கு வந்தது. தற்செயலாக ஓட்சுபோ அண்ணனைத் தாண்டி உள்ளே போனது.

அவர் பந்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "இன்னொரு தடவ அடி, பாக்கட்டும்."

அடித்தேன். பிடித்துவிட்டார். ஆனால் கையைத் தேய்த்துக்கொண்டார். முப்பத்தொரு வயதில் முதல் தடவை ஆளோடு ஆள் நின்று ஆடியிருக்கிறேன் என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. முழங்கால் வலி. அரிசி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயிலுக்கு லீக் விடுமுறை. அறையைக் கூட்டினேன். துணி துவைத்தேன். காய்ந்த துணியை மறுபடி துவைத்தேன்.

ஞாயிறு இவ்வளவு நீளமாக இருந்ததா?

செப்டம்பர் 21, ஞாயிறு

தொடர்ந்து இரண்டாவது வெற்றி. முதலாளி மைதானத்துக்கு வந்திருந்தார். எழுபத்தோரு வயது, மடக்கு நாற்காலி, தனியாக ஒரு குடை. கோல் விழுந்தபோது கைதட்டவில்லை, குடையைத் திறந்து மூடினார். செகி அக்கா காதில், "அது ரொம்ப சந்தோசம்னு அர்த்தம்" என்றார்.

ஒன்பதாம் இடத்தில் இருக்கிறோம். எட்டுக்குப் போனால் தப்பித்தோம். எனக்கு இதில் எந்த அக்கறையும் இல்லை. எட்டாம் இடத்தில் இருக்கும் தகமினே நகராட்சி அணி நாசமாய்ப் போகட்டும் என்று காலை ஜெபத்தில் ஒருமுறை சொன்னேன், பிறகு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

வேனில் செகி அக்கா திடீரென்று வண்டியை ஓரம் கட்டினார். அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

கடைசி ஞாயிறு, நவம்பர் 23. காலை பத்து மணிக்கு எங்கள் ஆட்டம். அதே மைதானத்தில் ஒரு மணிக்கு தகமினே ஆட்டம். அந்த ஒரு மணி ஆட்டத்துக்குக் கொடி: இசோமுரா அணி. அதாவது குரோஇவாவும் நானும்.

எங்களுக்கும் தகமினேக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். எங்கள் தலையெழுத்தை முடிவு செய்யக்கூடிய ஆட்டத்துக்கு நாங்களே கொடி பிடிக்கப் போகிறோம்.

"லீக்குக்கு போன் பண்ணி மாத்தச் சொல்லுங்க" என்றேன்.

பண்ணினார். பத்து நிமிடம் யாரிடமோ குனிந்து குனிந்து பேசினார். போனில் பேசும்போதும் குனிகிறார்கள். அட்டவணை மார்ச் மாதமே கொடுத்தாகிவிட்டது, தகமினேக்கு ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாம் என்றார்களாம்.

"அவங்க எழுதித் தருவாங்களா?"

"எழுதித் தந்தா நம்மள சந்தேகப்படுதாவன்னு ஆயிருமே. அந்த மரியாதக்கேட்ட எவன் செய்வான்?"

நாங்களும் விலக முடியாது. விலகினால் எங்களுக்கே எங்கள்மேல் நம்பிக்கை இல்லை என்றாகிவிடும். ஆக, யாரும் யாரையும் அவமதிக்காமல் எல்லோருமாகச் சேர்ந்து என்னை நடுக்கடலில் இறக்கிவிட்டார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

காலை. நல்ல குளிர், காற்று துளியும் இல்லை. மைதானத்துக்குப் பின்னால் எங்கள் தொழிற்சாலையின் ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்டம் 1-0. குரோஇவா தலையால் முட்டிய கோல். எட்டாம் இடம். ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டோம். முதலாளியின் குடை நாலு தடவை திறந்து மூடியது. இனி தகமினே ஜெயித்தால் மட்டுமே எங்களுக்கு ஆபத்து. அவர்கள் டிரா செய்தாலும் போதும், தப்பித்தோம். அவர்கள் மோதுவது ஏற்கெனவே கோப்பையை உறுதி செய்துவிட்ட முதலிட அணியோடு.

பன்னிரண்டரை மணிக்கு தகமினே அணியின் மேலாளர் என்னிடம் வந்தார். நெடுநெடுவென்று உயரம், நகராட்சியில் குடிநீர்ப் பிரிவாம். ஒரு பெட்டி பேரிக்காயை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இண்ணைக்கு ஒங்களுக்கு ரொம்ப சங்கடமான வேல. நீங்க நியாயமாத்தான் பாப்பியன்னு எங்களுக்குத் தெரியும். அதுல எங்களுக்கு ஒரு கவலையும் இல்ல."

இடுப்பு வரை குனிந்தார். பேரிக்காயை வாங்கக்கூடாது என்றேன். அப்படியானால் ஆட்டம் முடிந்தபின் தருகிறேன் என்று இன்னும் ஆழமாகக் குனிந்தார். ஊரில் ஒருத்தன் அரிவாளோடு வந்து நின்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

முதல் பாதியில் தகமினே குரோஇவாவின் பக்கம் தாக்கியது. அவன் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாதியில் என் பக்கம். எங்கள் அணி மொத்தமும் என் முதுகுக்குப் பின்னால் புல்மேட்டில், குளிருக்குப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தது. முதலாளியும். ஒருத்தரும் ஒரு சத்தமும் போடவில்லை.

எண்பத்தேழாவது நிமிடம். 0-0. தகமினேயின் பதினொன்றாம் எண்காரனுக்கு நடுவிலிருந்து பந்து வந்தது. அவன் வாங்கினான், திரும்பினான், அடித்தான். கோல்.

நடுவர் என்னைப் பார்த்தார். கோல் சரி என்றால் கொடியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஓட வேண்டும். ஓடினேன்.

அவன் ஆஃப்சைடு இல்லை. கொடி கொஞ்சம் அசைந்ததுபோல் தெரிந்திருக்கலாம். அது காற்று.

ஆட்டம் 1-0 என்று முடிந்தது. தகமினே எட்டு, நாங்கள் ஒன்பது. மேலாளர் அழுதுகொண்டே பேரிக்காயைக் கொண்டு வந்தார்.

வேனுக்குப் பக்கத்தில் வட்டமாக நின்றோம். ஓட்சுபோ அண்ணன், "இண்ணைக்கு ஹன்செய்காய் வேண்டாம், குளிருது" என்றார். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட இதை விட்டதில்லையாம், பனி கொட்டிய அன்றுகூட. இன்று ஏன் விட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 24, திங்கள்

கடைசித் தடுப்பாளனின் வரியில்தான் நின்றான்.

நவம்பர் 25, செவ்வாய்

வரிக்குக் கொஞ்சம் பின்னால்கூட நின்றிருக்கலாம்.

நவம்பர் 28, வெள்ளி

இன்று நான் ஒரு மீன்கட்டியைக்கூடத் தள்ளவில்லை. மதியம் வரிசைத் தலைவர் வந்து, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்டார். அவர் கையில் இருந்த பலகையில் ஒரு கட்டி படுத்துக்கிடந்தது. அதை நான் பாஸ் செய்திருந்தேன்.

பேரிக்காய் பன்னிரண்டும் மேசைமேல் இருக்கிறது. பழுத்துவிட்டது. வெட்ட மனம் வரவில்லை.

டிசம்பர் 3, புதன்

பயிற்சி இல்லை. மைதான விளக்கு எரியவில்லை. ஆன்றோ கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னேன், நான் எழுதியிருப்பதுபோலவே.

"செரி, அவன் ஆஃப்சைடு இல்ல. இருந்திருந்தா தூக்கியிருப்பியா?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

முதலாளி எல்லோரையும் தொழிற்சாலை உணவுக்கூடத்துக்கு அழைத்திருந்தார். அணியை மூடுவதை முறைப்படி அறிவிக்க வேண்டுமாம். அதற்கு முன்னால், இந்தப் பருவம் ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும் என்றார். முதலாளி கேட்டால் எழுந்து நின்றுதான் சொல்ல வேண்டும்.

ஆரம்பித்தார்கள். ஓட்சுபோ அண்ணன், ஏப்ரலில் தன் இடது கால் தாமதம்தான் காரணம் என்றார். குரோஇவா, செப்டம்பரில் காலியான கோலுக்கு வெளியே அடித்ததால்தான் என்றான். செகி அக்கா எழுந்து, ஜூலையில் வேன் வழிதவறி ஆட்களைக் களைப்பாக்கிவிட்டேன், எல்லாம் என்னால்தான் என்றார். பதினேழு பேர், பதினேழு காரணம். சிலர் இல்லாத குற்றத்தையும் இட்டுக்கட்டினார்கள். ஒருத்தன் தன் மூக்கடைப்பைச் சொன்னான். யாரும் நவம்பர் இருபத்துமூன்று என்று வாயே திறக்கவில்லை. அந்தத் தேதியை எல்லோரும் சேர்ந்து சுற்றி நடந்தார்கள்.

நான் எழுந்தேன்.

"அந்தக் கோல் ஆஃப்சைடு" என்றேன். "பந்தத் தட்டும்போ அவன் ஒரு அடி முன்னால நிண்ணான். நான் பாத்தேன். கை பாதி மேல போச்சு. பிறகு அந்தத் தகமினே ஆளு குனிஞ்சது ஞாபகத்துக்கு வந்தது. சொந்த டீமுக்காகத் தூக்கினான்னு சொல்லுவாவளோன்னு பயந்து தாழ்த்திட்டேன். காத்தெல்லாம் அடிக்கல்ல."

கடைசி வாக்கியம் அவர்களுக்குப் புரிந்திருக்காது. அது இந்த நோட்டுக்குச் சொன்னது.

நிமிர்ந்து பார்த்தேன். யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"தெரியும் பிள்ளே" என்றார் ஓட்சுபோ அண்ணன். "நாங்க எல்லாரும் ஒம் முதுகுக்குப் பின்னாலதான இருந்தோம். அந்தக் கோட்டுக்கு நேர."

"தெரிஞ்சும் ஏன் யாரும் சத்தம் போடல்ல?"

"கொடி ஒங்கையிலல்லா இருந்துது."

அப்போதுதான் அழுதேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். இதற்குப் பதில் எங்கள் ஊரில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

முதலாளி நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்துப் பேசினார்.

"கெட்டுப்போன கட்டிய பாஸ் பண்ணுத ஆளால எனக்கு நஷ்டம். இரக்கப்பட்டு விட்டுட்டான்னு பேரு வருமேன்னு பயந்து, நல்ல கட்டியத் தள்ளுத ஆளாலயும் அதே நஷ்டந்தான். நல்லவன்னு பேரு வாங்கணும்னு நெனச்சா கண்ணு மங்கிப்போவும். ரெண்டு வருசமா ஒனக்க கிட்ட இதச் சொல்லணும்னு இருந்தேன்."

பிறகு எழுந்து நின்று, அணியை இன்றோடு மூடுவதாக அறிவித்தார். சொன்ன சொல். எல்லோரும் குனிந்தோம். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"மைதானத்துச் சாவி ஓட்சுபோகிட்ட இருக்கு. அதத் திருப்பி வாங்கணும்னு நான் எங்கயும் சொல்லல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 8, திங்கள்

பேரிக்காயை வெட்டித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். நாலு அழுகிவிட்டது. எட்டு நன்றாக இருந்தது. அழுகியதை மட்டும் தள்ளினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

ஓட்சுபோ அண்ணன் வீட்டில் கூட்டம். தொழிற்சாலைப் பெயர் இல்லாமல், ஊர்ப் பெயரில் புது அணி பதிவு செய்யப் போகிறார்கள். ஷிராமே எஃப்சி. புது அணி என்றால் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாவட்ட லீக், நாலாம் பிரிவு. ஜப்பானில் அதற்குக் கீழே படியே கிடையாது, தரைதான். இனி இறங்கவும் இடமில்லை என்று குரோஇவா சந்தோஷமாகச் சொன்னான்.

சிலர் குடும்பம், வயது என்று நின்றுவிட்டார்கள். மிச்சம் பதினொரு பேர். சரியாக ஓர் அணி. ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தால் தீர்ந்தது.

செகி அக்கா விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பினார். கொடி பிடிக்கும் ஆள் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"நான் இனிக் கொடியத் தொடமாட்டேன்" என்றேன். இதில் மட்டும் நான் உறுதி.

யாரும் வற்புறுத்தவில்லை. ஓட்சுபோ அண்ணன் தேநீரைக் குடித்து முடித்தார். "செரி. கொடி வேண்டாம். ஒனக்க கால் அளவு என்ன?"

"எதுக்கு?"

"பூட்ஸுக்கு."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். ஆண்கள் லீக் அல்லவா இது. ஆண்கள் மட்டும் என்று விதிப்புத்தகத்தில் எங்கேயும் எழுதவில்லை, மூன்று தடவை படித்துவிட்டேன் என்றார் செகி அக்கா. லீக்கைக் கூப்பிட்டும் கேட்டாராம். அவர்கள் இரண்டு நாள் அவகாசம் வாங்கி, அப்படி ஒரு விதி இல்லை, அப்படி ஒரு ஆளும் இதுவரை எங்கள் லீக்கில் ஆடியதில்லை, மற்றது உங்கள் விருப்பம் என்று பதில் சொன்னார்களாம்.

இருபத்துமூன்றரை சென்டிமீட்டர் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

மார்ச் 11, புதன்

பயிற்சி. வாந்தி எடுத்தேன். ஓட்சுபோ அண்ணன் தண்ணீர் கொடுத்துவிட்டு இன்னும் நாலு சுற்று என்றார். முன்பெல்லாம் இவரை நல்ல மனிதர் என்று எழுதியிருப்பேன். அந்தப் பக்கங்களை அடித்துவிட வேண்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நாலாம் பிரிவு, முதல் ஆட்டம். ஒரு பள்ளிக்கூட மைதானம். ஓரத்தில் முள்ளங்கித் தோட்டம். பார்வையாளர்கள் பதினாலு பேர், அதில் ஒரு குடை. அது மழைக்காக வந்த குடை இல்லை, வெயில் அடித்தது.

எழுபதாவது நிமிடத்தில் ஒருத்தனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. செகி அக்கா என் தோளைத் தட்டினார். பன்னிரண்டாம் எண். உள்ளே ஓடும்போது எதிரணிப் பையன்கள் குனிந்தார்கள், நானும் குனிந்தேன், கிட்டத்தட்ட அங்கேயே நேரம் முடிந்திருக்கும். நாங்கள் 0-1 என்று பின்தங்கியிருந்தோம்.

பத்து நிமிடம் பந்து என் பக்கமே வரவில்லை. பிறகு குரோஇவாவின் காலில் பந்து. அவன் தலை நிமிரும் முன்பே நான் ஓடிவிட்டேன். பந்து என் முன்னால் வந்து விழுந்தது. கோலி மட்டும்தான். வலது காலால் அடித்தேன். ஓரமாக உள்ளே போனது. வலை அசைந்ததைப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முள்ளங்கித் தோட்டம் வரை ஓடினேன், கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

திரும்பிப் பார்த்தால் கொடி மேலே இருந்தது.

கொடிக்காரன் வேறொரு ஊர் அணியின் ஆள், இருபது வயது இருக்கும், சட்டைப் பையில் புது அட்டை. அவன் கை பாதியில் நிற்கவில்லை. நேராகப் போய் நேராக நின்றது.

குரோஇவா பந்தைத் தட்டும்போது நான் ஓர் அடி முன்னால் நின்றேன். எனக்குத் தெரியும். அந்த மைதானத்தில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

நேராக அவனிடம் போனேன். ஆஃப்சைடு இல்லை என்றேன். ஜப்பான் மொழியில் ஒரு தடவை, பிறகு தமிழில் முழுமையாக. உனக்குக் கண் இருக்கிறதா என்று கேட்டேன். மதில்மேல் உட்கார்ந்து பழகியிருக்கிறாயா என்று கேட்டேன். எங்கள் ஊராக இருந்தால் உன் வள்ளம் எங்கே என்று கேட்டிருப்பார்கள் என்றேன். அவன் பயந்துபோய் விறைத்து நின்றான், ஆனால் கொடியை இறக்கவில்லை. நடுவர் வந்து எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார். ஓட்சுபோ அண்ணனும் குரோஇவாவும் என்னை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள், இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வருவதாக இல்லை.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையனிடம் போய், நீ தூக்கியது சரி என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அதைச் சொல்வது கொடிக்காரியின் வேலை. நான் இப்போது ஆடுகிறவள்.